மறந்துபோன ஐந்து ஷூட்டர் கேம்கள்: எதை முதலில் தொடங்குவது?

சித்தி மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். டூம், ஹாஃப்-லைஃப், பயோஷாக் எல்லாம் முடித்துவிட்டான். செமஸ்டர் விடுமுறை தொடங்கிய அன்று கேட்டான்: "அண்ணா, எல்லாரும் பேசுற கேம் வேண்டாம். யாருக்கும் தெரியாத, ஆனா நல்ல ஷூட்டர் ஒண்ணு சொல்லுங்க." அவனிடம் இருப்பது எட்டு ஜி.பி. ராம் உள்ள சாதாரண லேப்டாப். தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. கையில் பத்து நாள் இருக்கிறது.

எனக்கு உடனே ஐந்து பெயர்கள் நினைவுக்கு வந்தன. ஸ்ட்ரைஃப், அன்டையிங், நோ ஒன் லிவ்ஸ் ஃபாரெவர், க்ரையோஸ்டேசிஸ், ஈ.ஒய்.இ. ஐந்துமே எனக்கு மிகவும் பிடித்தவை. ஆனால் ஐந்தையும் ஒரே மூச்சில் சொன்னால் அவன் எதையும் தொடங்க மாட்டான். ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். எதைச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். அந்த யோசனைதான் இந்தக் கட்டுரை.

முதலில் "இந்த ஐந்தில் எது சிறந்தது" என்றுதான் பார்க்கத் தொடங்கினேன். அது சரிப்படவில்லை. ஒன்று திகில், ஒன்று உளவுக் கதை, ஒன்று பனிக்குள் நடக்கும் துயரக் கதை. மாம்பழத்தையும் பலாவையும் தராசில் வைப்பது போலத்தான். அப்புறம் வேறு ஒரு கேள்வி தோன்றியது. இந்த கேம் ஏன் மறக்கப்பட்டது? மறக்கப்பட்டதற்கான காரணம் இன்னும் இருக்கிறதா, போய்விட்டதா? இந்தக் கேள்வியைப் போட்டதும் ஐந்தும் தாமாகவே வரிசையில் வந்து நின்றன.

ஏனென்றால் ஒரு கேம் மறக்கப்படுவதற்கும் அதன் தரத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. இது நமக்கே தெரிந்த விஷயம். 2000-களில் நம் ஊர் ப்ரவுசிங் சென்டர்களில் வளர்ந்தவர்களிடம் கேட்டால் கவுண்டர்-ஸ்ட்ரைக் பெயரோடு ஐ.ஜி.ஐ. பெயரும் வரும். ஐ.ஜி.ஐ. நார்வேயைச் சேர்ந்த இன்னர்லூப் ஸ்டுடியோஸ் உருவாக்கி 2000-இல் வெளிவந்த கேம். ஒரு மிஷனின் நடுவில் சேவ் செய்ய முடியாது. கடைசி நிமிடத்தில் செத்தால் முதலிலிருந்து ஆட வேண்டும். வெளிநாட்டு ஷூட்டர் வரலாறுகளில் அதற்கு ஒரு வரி கிடைத்தாலே பெரிது. நம்மிடமோ அதன் நாயகன் டேவிட் ஜோன்ஸ் எதிரி முகாமுக்குள் தனியாக நுழைவதை இன்றும் சொல்லிக் காட்டுபவர்கள் இருக்கிறார்கள். எங்கே, எப்போது, எந்தக் கணினியில் வந்து சேர்ந்தது என்பதுதான் ஒரு கேமின் தலையெழுத்தைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

சரி, ஸ்ட்ரைஃபிலிருந்து தொடங்குகிறேன்.

1996 மே மாதம் வெளிவந்தது. உருவாக்கியது அமெரிக்காவின் ரோக் என்டர்டெயின்மென்ட். டூம் கேமை இயக்கும் அடிப்படை மென்பொருளான டூம் என்ஜினை உரிமம் வாங்கிச் செய்த கடைசி வணிக கேம் இதுதான். அடுத்த மாதமே குவேக் வந்துவிட்டது. முழு முப்பரிமாணம், சுழலும் எதிரிகள், இணையத்தில் மோதல் என்று உலகமே அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. தட்டையான ஸ்ப்ரைட் படங்களோடு வந்து நின்ற ஸ்ட்ரைஃபை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அது மறக்கப்பட்டதற்குக் காரணம் இவ்வளவுதான். சில மாதங்கள் தாமதம்.

ஆனால் அந்தப் பழைய என்ஜினுக்குள் அவர்கள் செய்திருப்பதைப் பாருங்கள். வால்நட்சத்திரம் மோதிய ஒரு உலகம். அதோடு வந்த நோய்க்குப் பிறகு 'ஆர்டர்' என்ற வெறிகொண்ட கூட்டம் ஆட்சியைப் பிடித்திருக்கிறது. நீங்கள் பிடிபட்ட ஒரு கூலிப்படை வீரன். காவலனைக் கத்தியால் வீழ்த்திவிட்டு வெளியே வந்தால் டார்ன்ஹில் என்ற ஊர். இங்கேதான் அந்தக் காலத்து ஷூட்டர் பழக்கமெல்லாம் உடைகிறது. ஊரில் மனிதர்கள் நடமாடுகிறார்கள். நெருங்கிப் போனால் பேசுகிறார்கள். ஆயுதக் கடை இருக்கிறது. காசு கொடுத்தால் மருத்துவர் காயத்தைக் கட்டுகிறார். ஆர்டரின் காவலர்கள் உங்கள் பக்கத்திலேயே நடந்து போகிறார்கள், ஒன்றும் செய்வதில்லை. நீங்கள் ஒரு குண்டைச் சுட்டால் மட்டும் ஊரெங்கும் அலாரம் அலறும்.

டூமில் ஒரு கதவைத் திறந்தால் எதிரே நிற்பதைச் சுட வேண்டும் என்று விரல் பழகியிருக்கும். ஸ்ட்ரைஃப் அந்த விரலைக் கட்டிப்போடுகிறது. இங்கே முதலில் பேச வேண்டும், பிறகு யோசிக்க வேண்டும். குறுக்குவில்லில் விஷ அம்பு போட்டால் சத்தமே வராது. மின்சார அம்பு போட்டால் ஊரே விழித்துக்கொள்ளும். ஒரே ஆயுதத்துக்குள் இப்படி இரண்டு குணம். காதுக்குள் பிளாக்பேர்ட் என்ற பெண்ணின் குரல் எங்கே போக வேண்டும், என்ன நடக்கிறது என்று சொல்லிக்கொண்டே வருகிறது. முதல் பாதி முடியும்போது இவள் உண்மையிலேயே கூட இருக்கிறாள் என்ற உணர்வு வந்துவிடும்.

எனக்கு இதில் மிகப் பிடித்த இடம் கோட்டைத் தாக்குதல். கலகக்காரர்கள் உங்களோடு சேர்ந்து கோட்டைக்குள் பாய்கிறார்கள். உங்களைச் சுற்றி நின்று சுடுகிறார்கள், சாகிறார்கள். கோட்டை விழுந்த பிறகு அதே இடம் அவர்களின் தளமாக மாறிவிடுகிறது. சற்று முன் ரத்தம் சிந்திய முற்றத்தில் இப்போது நம் ஆட்கள் நிற்கிறார்கள். 1996-இல், டூம் என்ஜினில்! நான்கு ஆண்டுகள் கழித்து வந்த டேயுஸ் எக்ஸை இப்படிப்பட்ட விஷயங்களுக்காகத்தான் உலகம் கொண்டாடியது. கொண்டாடட்டும், அது தகுதியானதுதான். அதே பாதையில் முன்னரே நடந்து காட்டிய இதற்கும் அந்தப் பேச்சில் ஒரு பங்கு கிடைத்திருக்க வேண்டும்.

குறையும் இருக்கிறது. பின் பாதியில் ஊரும் உரையாடலும் குறைந்து, நடைபாதைகளில் சண்டை என்ற பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிடுகிறது. சில இடங்களில் எந்தச் சுவிட்ச் எந்தக் கதவைத் திறந்தது என்று அலைய வேண்டியிருக்கும். சண்டையின் சுவை என்று மட்டும் பார்த்தால் டூம் இதைவிட மேல். துப்பாக்கிகளின் கனமும் சத்தமும் இதில் சற்றுக் குறைவுதான்.

இன்னொரு விஷயம், இதன் மூல நிரல் தொலைந்துபோய்விட்டது. ரசிகர்கள் வெளிவந்த கேமையே பிரித்து ஆராய்ந்து, அது உள்ளே எப்படி இயங்குகிறது என்று வரி வரியாக மறுபடி எழுதினார்கள். சாக்லேட் ஸ்ட்ரைஃப் என்று அதற்குப் பெயர். அந்த உழைப்பின் மேல் நின்றுதான் நைட்டைவ் நிறுவனம் 2014-இல் 'வெட்டரன் எடிஷன்' என்று புதுப்பித்து வெளியிட்டது. அகலத் திரையில் ஓடும், மவுஸ் ஒழுங்காக வேலை செய்யும், ஸ்டீம், ஜி.ஓ.ஜி. என்ற இணையக் கடைகளில் வாங்கலாம், எந்த லேப்டாப்பும் இதைத் தாங்கும். ஆக, மறக்கப்பட்டதற்கான காரணம் முழுமையாகப் போய்விட்டது. இன்று ஆடுபவருக்கு 1996 மே மாதமும் ஜூன் மாதமும் ஒன்றுதான்.

அடுத்தது அன்டையிங். முழுப் பெயர் கிளைவ் பார்க்கர்ஸ் அன்டையிங். ட்ரீம்வொர்க்ஸ் இன்டராக்டிவ் உருவாக்கி, 2001 பிப்ரவரியில் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்டது. விமர்சகர்கள் பாராட்டினார்கள், மக்கள் வாங்கவில்லை. தொடர்ச்சி எடுக்கும் எண்ணமும் அதோடு கைவிடப்பட்டது.

கதை 1923-இல் அயர்லாந்தின் கடற்கரையில் நடக்கிறது. பேட்ரிக் காலோவே என்ற முன்னாள் போர்வீரனை அவனுடைய பழைய நண்பன் ஜெரமையா கவனன்ட் உதவிக்கு அழைக்கிறான். சிறுவயதில் உடன்பிறந்தவர்கள் ஐந்து பேரும் சேர்ந்து ஒரு புராதனக் கல்வட்டத்தில் படிக்கக் கூடாத எதையோ படித்துவிட்டார்கள். இப்போது அவர்கள் ஒவ்வொருவராகச் செத்து, செத்த பிறகும் ஓயாமல் வீட்டைச் சுற்றுகிறார்கள். பேட்ரிக்கின் ஒரு கையில் துப்பாக்கி, மறு கையில் மந்திரம். இரண்டையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தலாம். இன்று பல கேம்களில் இது சாதாரணம். 2001-இல் இவ்வளவு தெளிவாக அமைந்தது அபூர்வம்.

ஆனால் நான் இந்த கேமைப் பரிந்துரைப்பது ஒரே ஒரு மந்திரத்துக்காக. 'ஸ்க்ரை' என்று பெயர். அதைப் போட்டால் அந்த இடத்தில் முன்பு நடந்தது கண்ணுக்குத் தெரியும், காதில் கேட்கும். மாளிகையில் உடன்பிறந்தவர்களின் ஓவியம் ஒன்று தொங்குகிறது. வெறுங்கண்ணுக்கு அழகான குடும்பப் படம். ஸ்க்ரை போட்டுப் பார்த்தால் அந்த முகங்கள் வேறாகிவிடும். கேம் உங்களைக் கட்டாயப்படுத்தி எதையும் காட்டாது. மெல்லிய முனகல் ஒன்று கேட்கும், இங்கே பார்க்க ஏதோ இருக்கிறது என்று தெரியும். பார்ப்பதா வேண்டாமா என்பது உங்கள் கையில். நாமே பயத்தைத் தேடிப் போகிறோம். திகில் கதை சொல்லத் தெரிந்த பாட்டிமார் செய்வதும் இதைத்தான். "அந்தக் கிணத்துப் பக்கம் மட்டும் போயிடாதே" என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார்கள். மீதியை நாமே பார்த்துக்கொள்வோம்.

வேகமாக ஓடிச் சுடுபவர்களுக்கு மாளிகைப் பகுதி இழுப்பதாகத் தோன்றும். வராண்டா, படிக்கட்டு, மறுபடி வராண்டா என்று வழி குழப்பும். ஊளையிடும் பிராணிகள் திடீர் திடீரென்று பாய்வது முதல் ஐந்து முறை நடுங்க வைக்கும், இருபதாவது முறை சலிக்கும். ஆனாலும் மடாலயப் பகுதி வந்ததும் எல்லாக் குறையையும் மன்னித்துவிடுவீர்கள். அங்கே என்ன நடக்கிறது என்று சொன்னால் அதன் சுவை போய்விடும்.

ஜி.ஓ.ஜி.யில் கிடைக்கிறது. பழைய அன்ரியல் என்ஜின் என்பதால் புதிய விண்டோஸில் சில நேரம் முரண்டு பிடிக்கும். திரை அகலம் சரியாக வராது, நிறங்கள் மங்கும். டிஜிவூடூ என்ற இலவசக் கருவி பழைய கிராஃபிக்ஸ் கட்டளைகளைப் புதிய கார்டுகளுக்குப் புரியும்படி மாற்றித் தரும். அதைப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். கூடவே ஒரு நல்ல ஹெட்போன் அவசியம். லேப்டாப் ஸ்பீக்கரில் அன்டையிங் ஆடுவது வீண். சந்தையில் ஓடாததால் மறக்கப்பட்ட கேம் இது, அந்தக் காரணமும் இப்போது பொருட்டில்லை. அரை மணி நேரம் செட்டிங்ஸோடு மல்லாட வேண்டும், அவ்வளவுதான்.

இனி நோ ஒன் லிவ்ஸ் ஃபாரெவர். இதை எழுதும்போது எனக்கு வருத்தம் வந்துவிடுகிறது. ஐந்தில் மனதுக்கு மிக நெருக்கமானது இதுதான். ஆனால் இதைத்தான் என்னால் அவனுக்குச் சொல்ல முடியவில்லை.

மோனோலித் நிறுவனம் 2000-இல் உருவாக்கியது. 1960-களின் உளவுக் கதை உலகம். கேட் ஆர்ச்சர் என்ற ஸ்காட்லாந்துப் பெண் முன்பு திருடியாக இருந்தவள், இப்போது யூனிட்டி என்ற ரகசிய அமைப்பின் உளவாளி. அவளுடைய மேலதிகாரிகளுக்கு ஒரு பெண்ணை நம்பி வேலை கொடுக்க மனமில்லை. ஒவ்வொரு மிஷனுக்கு முன்பும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள். அவள் அசராமல் பதில் சொல்லிவிட்டுப் போய் வேலையை முடித்துவிட்டு வருகிறாள். உதட்டுச்சாயக் குப்பிதான் வெடிகுண்டு, வாசனைத் திரவியம்தான் மயக்க மருந்து, கொண்டை ஊசிதான் பூட்டுத் திறக்கும் கருவி. ஒரு லெவலில் விமானத்திலிருந்து பாராசூட் இல்லாமல் விழுகிறீர்கள். விழும்போதே வானத்தில் வரும் எதிரியைச் சுட்டு அவனுடைய பாராசூட்டைப் பறிக்க வேண்டும். இன்னொன்றில் மூழ்கிய கப்பல், வேறொன்றில் விண்வெளி நிலையம். ஒரு லெவல் போல இன்னொன்று இருக்காது.

இதெல்லாம் ஒரு பக்கம். நான் இதை விரும்புவது காவலாளிகளின் பேச்சுக்காக. ஒளிந்து நின்று கேட்டால் அவர்கள் குடும்பத்தைப் பற்றி, வேலையைப் பற்றி, குடிப்பழக்கத்துக்கும் குற்றத்துக்கும் உள்ள உறவைப் பற்றிக்கூட நிதானமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். அதைக் கேட்டு முடிக்கும் வரை சுட மனம் வராது. எதிரியும் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவன் என்று உணர வைத்த ஷூட்டர்கள் மிகக் குறைவு.

2002-இல் வந்த இரண்டாம் பாகத்தில் நம் நாடும் வருகிறது. சில மிஷன்கள் கல்கத்தாவில் நடக்கின்றன. ஒரு முச்சக்கர மிதிவண்டியில் ஏறி ஊமைக்கூத்து நடிகர்களின் தலைவனைத் துரத்தும் காட்சி அங்கேதான். வெளிநாட்டார் கண்ணில் தெரியும் கல்கத்தாதான் அது, உண்மையான ஊர் இல்லை. இருந்தாலும் அந்தக் காலத்து ஷூட்டர் ஒன்றில் இந்தியத் தெரு ஒன்று வந்ததே என்று எனக்கு ஒரு மகிழ்ச்சி.

இவ்வளவு நல்ல கேமை ஏன் சொல்ல முடியவில்லை? வாங்க முடியாது, அதனால்தான். உரிமை மூன்று பெரிய நிறுவனங்களுக்கு நடுவே சிக்கிக் கிடக்கிறது. உருவாக்கிய மோனோலித்தை வார்னர் பிரதர்ஸ் 2004-இல் வாங்கியது. வெளியிட்ட ஃபாக்ஸ் இன்டராக்டிவ் விவண்டியிடம் போய், விவண்டியின் கேம் பிரிவு 2008-இல் ஆக்டிவிஷனோடு இணைந்தது. ஃபாக்ஸ் திரைப்பட நிறுவனம் இன்று டிஸ்னியின் கையில். ஸ்ட்ரைஃபைக் காப்பாற்றிய அதே நைட்டைவ் இதையும் மீட்க முயன்றது. எந்த நிறுவனத்திடம் எந்தப் பங்கு இருக்கிறது என்பதே தெளிவாகாமல் அந்த முயற்சி நின்றுபோனது. 2025-இல் வார்னர் மோனோலித்தையே மூடிவிட்டது. பாகப்பிரிவினை ஆகாமல் பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீட்டை நம் ஊர்களில் பார்த்திருப்பீர்கள். உள்ளே தேக்கு ஊஞ்சல் கிடக்கும், சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. அதே நிலைமைதான்.

ஆக, மறக்கப்பட்டதற்கான காரணம் அப்படியே இருக்கிறது. யாராவது மாமாவோ பெரியப்பா மகனோ பழைய டிஸ்க்கைப் பத்திரமாக வைத்திருந்தால், கேட்டு வாங்குங்கள். டிஸ்க் டிரைவையும் இரவல் வாங்க வேண்டியிருக்கும். ஓட வைக்கும்போது ஃபிரேம் வேகத்தை, அதாவது ஒரு விநாடியில் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கையை, அறுபதோடு கட்டுப்படுத்துங்கள். பழைய என்ஜின்கள் அதற்கு மேல் போனால் தடுமாறும். அப்படி ஒரு டிஸ்க் கைக்குக் கிடைத்தால் இந்தக் கட்டுரையின் வரிசையை மறந்துவிட்டு அதை முதலில் ஆடுங்கள்.

க்ரையோஸ்டேசிஸ் வேறு ஒரு வகை. உக்ரைன் தலைநகர் கீவைச் சேர்ந்த ஆக்ஷன் ஃபார்ம்ஸ் உருவாக்கியது. 2008 இறுதியில் ரஷ்யாவிலும் 2009-இல் மற்ற நாடுகளிலும் வந்தது. இதே குழு 1997-இல் சாஸ்ம்: தி ரிஃப்ட் என்று குவேக்குக்குப் போட்டியாக ஒன்று செய்தார்கள். எதிரியின் கையைத் தனியாகத் துண்டிக்க முடியும் என்பது அதன் பெருமை. அங்கிருந்து க்ரையோஸ்டேசிஸ் வரை அவர்கள் நடந்த தூரம் எனக்கு வியப்பாக இருக்கிறது.

1981. வட துருவத்துக்கு அருகே பனிக்குள் சிக்கிச் சிதைந்த 'நார்த் விண்ட்' என்ற அணுசக்திப் பனியுடைப்புக் கப்பல். அலெக்சாண்டர் நெஸ்டெரோவ் என்ற வானிலை ஆய்வாளர் அதற்குள் நுழைகிறார். இங்கே உயிர் என்பது உடல் சூடு. மருந்துப் பெட்டி கிடையாது. எரியும் விளக்கு, இயங்கும் எந்திரம், அடுப்பு என்று எங்கே வெப்பம் இருக்கிறதோ அங்கே கையை நீட்டிக் குளிர் காய வேண்டும். ஒரு அறையில் மின்சாரத்தைக் கொண்டுவந்தால் சுவரில் உறைந்த பனி உருகி நீராக வழியும். அந்தக் கணத்தில் நம் தோளும் கொஞ்சம் தளரும். சுடுவதற்காகக் கிடைக்கும் துப்பாக்கிகளும் பழைய ராணுவத் துப்பாக்கிகள்தான். அவற்றில் சிலவற்றில் ஒரு குண்டு சுட்டு, போல்ட்டை இழுத்து, அடுத்ததைப் போட வேண்டும். எதிரி இரண்டடியில் நிற்கும்போது அந்த ஒரு விநாடி மிக நீளமானது.

இன்னொரு சக்தியும் உண்டு. உறைந்து கிடக்கும் ஒரு உடலைத் தொட்டால் அந்த மனிதனின் கடைசி நிமிடங்களுக்குள் நுழையலாம். அவன் செய்த தவறைச் செய்யாமல் விட்டால் நிகழ்காலம் மாறிவிடும். பூட்டியிருந்த கதவு திறந்திருக்கும், வெள்ளம் புகுந்த அறை வறண்டிருக்கும். செத்தவனின் உடல் அங்கே இருக்காது. ஷூட்டர் கேமில் ஆட்களைக் கொல்வதுதான் வழக்கம். இதில் ஆட்களைச் சாவிலிருந்து மீட்டுக்கொண்டே போகிறோம். இடையிடையே ரஷ்ய எழுத்தாளர் மாக்சிம் கார்க்கியின் டான்கோ கதை துண்டு துண்டாக வருகிறது. தன் மக்களுக்கு வழிகாட்டத் தன் இதயத்தையே பிடுங்கி விளக்காக உயர்த்தியவனின் கதை. அது எதற்காக வருகிறது என்று கப்பலின் தலைவர் யார் என்பது புரியும்போது புரியும்.

இவ்வளவு ஆழமான கேம் ஏன் மறைந்தது? கணினிகள் தாங்கவில்லை. அன்றைக்கு விலையுயர்ந்த கணினிகளிலும் திக்கித் திணறி ஓடியது. பனி உருகும் நீரின் இயற்பியலைக் கணக்கிடவே கணினிக்கு மூச்சு வாங்கியது. பின்னர் டிஜிட்டல் கடைகளிலிருந்தும் நீக்கப்பட்டது. காரணம் பாதி போய்விட்டது, பாதி இருக்கிறது. இன்றைய செயலிகள் வேகமானவை, ஆனாலும் கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் இதை ஆடச் சொல்ல எனக்குத் தயக்கம். நண்பர் யாரிடமாவது நல்ல கணினி இருந்தால், டிஸ்க்கும் கிடைத்தால், மார்கழி இரவில் ஆடுங்கள். நடை மெதுவாக இருக்கும். அதைக் குறையாக நினைப்பவர்களுக்கு இது வேண்டாம்.

கடைசியாக ஈ.ஒய்.இ.: டிவைன் சைபர்மான்சி. பிரான்ஸின் ஸ்ட்ரீம் ஆன் ஸ்டுடியோ, 2011. சிறிய குழு, தாங்களே முன்பு உருவாக்கிய ஒரு மேசை விளையாட்டின் உலகத்தை வைத்து வால்வின் சோர்ஸ் என்ஜினில் செய்தது. பிரம்மாண்டமான கட்டடங்கள், இருண்ட வானம், துறவிகள் போல வாழும் போர்வீரர்கள், அவர்களுக்குள் உட்பகை. ஹேக்கிங் இதில் ஒரு சண்டை. பண எந்திரத்தையும் ஹேக் செய்யலாம், எதிரியின் மூளையையும் செய்யலாம். தோற்றால் அது உங்களைத் திருப்பி ஹேக் செய்யும், உங்கள் திரையே குழம்பிப்போகும். மந்திரத்தால் எதிரி நிற்கும் இடத்துக்கு நீங்கள் மாறி, அவனை வெடிக்கச் செய்யலாம். பலத்த காயங்கள் உங்கள் திறன்களை நிரந்தரமாகக் குறைத்துவிடும்.

படிக்கும்போது இதைவிடச் சுவாரசியமான கேம் இல்லை என்று தோன்றும். தொடங்கினால் முதல் மூன்று மணி நேரம் ஒன்றுமே புரியாது. பிரெஞ்சிலிருந்து வந்த ஆங்கில உரையாடல் பல இடங்களில் தடுக்கும். மெனுக்களுக்குள் மெனு. எதிரிகள் வந்துகொண்டே இருப்பார்கள். இதன் மறதிக்கான காரணம் வெளியே இல்லை, கேமுக்குள்ளேயே இருக்கிறது. காலம் போனாலும் மாறாது. ஆனால் கூட ஒரு நண்பன் இருந்தால் கதை வேறு. இருவரும் இணையத்தில் சேர்ந்து ஆடி, ஆளுக்கு ஒரு பாதி புரிந்துகொண்டு, அதைப் பேசிப் பேசி ஒட்டவைப்பது மறக்க முடியாத அனுபவம். ஸ்டீமில் கிடைக்கிறது, சுமாரான லேப்டாப்பிலும் ஓடும். தனியாக, முதல் கேமாக, பத்து நாள் விடுமுறையில் தொடங்க இது ஏற்றதல்ல.

பட்டியலுக்குள் வர முடியாமல் போன இரண்டைச் சொல்லாமல் விட மனமில்லை. 1995-இல் பெதஸ்டா வெளியிட்ட டெர்மினேட்டர்: ஃபியூச்சர் ஷாக், குவேக்குக்கு முன்பே முப்பரிமாண எதிரிகளையும் மவுஸால் நாலாபக்கமும் பார்க்கும் வசதியையும் கொண்டுவந்தது. வரலாற்று ஆர்வம் உள்ளவர்கள் தேடிப் பாருங்கள். லூக்காஸ்ஆர்ட்ஸின் அவுட்லாஸ், 1997, கௌபாய் கதை. இசைக்காகவே ஆடலாம்.

இப்போது முடிவு. என் தம்பிக்கு நான் சொன்னது ஸ்ட்ரைஃப். மறக்கப்பட்டதற்கான காரணம் முழுதாகத் தீர்ந்துபோனது அது ஒன்றுதான். வாங்கிய ஐந்தாவது நிமிடம் ஆடத் தொடங்கலாம். டூம் ஆடியவனுக்குக் கை ஏற்கெனவே பழகியிருக்கும், மனம் மட்டும் புதிதாகப் பழக வேண்டும். அது முடிந்ததும் அன்டையிங். பயக் கதை பிடிக்காதவராக இருந்தால் அன்டையிங்கைத் தாண்டி, நண்பனைப் பிடித்துக்கொண்டு ஈ.ஒய்.இ.க்குப் போகலாம். நேர்மாறாக, திகிலுக்காகவே கேம் ஆடுபவர் ஸ்ட்ரைஃபை விட்டுவிட்டு நேராக அன்டையிங்கில் தொடங்கினாலும் தவறில்லை. க்ரையோஸ்டேசிஸ், கணினி மாற்றும் நாளுக்காக இருக்கட்டும். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் அன்டையிங், க்ரையோஸ்டேசிஸ் இரண்டையும் அவர்கள் தூங்கிய பிறகு ஆடுவது நல்லது.

பழைய கேம்களில் சிலருக்குத் தலைசுற்றும். செட்டிங்ஸில் பார்வைக் கோணத்தைக் கொஞ்சம் கூட்டி, நடக்கும்போது தலை ஆடும் அசைவைக் குறைக்க வசதி இருந்தால் குறைத்துவிடுங்கள். அப்படியும் தலைசுற்றினால் விளக்கைப் போட்டுக்கொண்டு, அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள்.

ஸ்ட்ரைஃப் தொடங்குபவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். டார்ன்ஹில்லுக்குள் நுழைந்ததும் துப்பாக்கியைத் தேடாதீர்கள். கத்தியைக்கூட எடுக்க வேண்டாம். ஒவ்வொரு கடைக்குள்ளும் போய் எல்லாரிடமும் பேசுங்கள். யார் வேலை கொடுத்தாலும் உடனே சரி என்று சொல்லிவிடாமல், அவன் யார் பக்கம் என்று இன்னொருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நேற்று இரவு தம்பி போன் செய்தான். இரண்டு மணி நேரமாக ஆடுகிறானாம், ஊரை விட்டு இன்னும் வெளியே போகவில்லையாம். "அண்ணா, இதுல ரோவன்னு ஒருத்தன் இருக்கானே, அவனை நம்பலாமா?" என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை.